தாங்கிக்கும் ஜெட்டுக்கும் நடுவே

ஹெவ்லொக் டவுனில் பிரதான வீதியை விட்டு உள் ஒழுங்கைகளுக்குள் நடந்தால், மதிலுக்குப் பின்னால் கன்வஸ் போர்த்தி நிற்கும் மொரிஸ் மைனர் ஒன்றாவது கண்ணில் படும். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார் அது. பிறந்த நாட்டில் ஆர்வலர்களின் செல்லப் பொருளாகிவிட்ட பிறகும் கொழும்பில் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வருகிறது. பக்கத்து வாசலில் இருபது வயது டொயோட்டா, அதற்கும் அப்பால் கார்பரேற்றர் வைத்த பஜாஜ் ஓட்டோ. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஓடக்கூடிய எந்த வாகனத்தையும் யாரும் கழிக்கவில்லை. பழைய வாகனம் என்பது இங்கே பொழுதுபோக்கு அல்ல, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வாகனமே அதுதான்.

இந்த வாகனங்களை நினைத்துத்தான் பாக்கு நீரிணைக்கு அப்பால் நடப்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கரும்பு, சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து வடிக்கும் எதனோலை இந்தியா பெற்றோலில் கலந்துவருகிறது. 2022 ஜூனில் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பெப்ரவரி 6 அன்று பெங்களூரில் 20 சதவீதக் கலப்பு, அதாவது ஈ20, அறிமுகமானது. 2030-க்கு என்று முதலில் குறித்த இலக்கு 2025-இலேயே எட்டப்பட்டது. இன்று சென்னையிலோ திருச்சியிலோ ஒருவர் சாதாரண பெற்றோல் கேட்டால் வண்டிக்குள் இறங்குவது ஈ20-தான். எதனோல் இல்லாதது வேண்டுமானால் மிக விலை கூடிய 100 ஒக்டேன் பெற்றோலைத் தேடிப் போகவேண்டும்.

2025 ஓகஸ்டில் பழைய வாகனக்காரர்களின் கோபம் வெடித்தது. மைலேஜ் விழுகிறது, இறப்பர் பாகங்கள் கெடுகின்றன, எங்களைக் கேட்காமலே எங்கள் தாங்கியை நிரப்புகிறீர்கள் என்றார்கள். பெற்றோலிய அமைச்சு பதில் சொன்னது: ஈ10-க்கு வடிவமைத்து ஈ20-க்குச் சீர்செய்த கார்களில் மைலேஜ் இழப்பு 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம், சில பழைய வாகனங்களில் 20,000, 30,000 கிலோமீற்றருக்குப் பிறகு சில இறப்பர் பாகங்களை மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை. எதனோல் கலக்காத பெற்றோலும் கிடைக்க வேண்டும், பம்பில் கலப்பு அளவை எழுத வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் செப்டெம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

இலங்கையின் பெற்றோல் செட்டுகளில் எதனோல் பெற்றோல் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகளின் பாணியிலிருந்து வடிக்கும் எதனோல் மதுபான உற்பத்திக்குப் போகிறது. சீனித் தேவையின் பெரும் பகுதியை இறக்குமதி செய்யும் நாடு, சொந்தக் கரும்பைக் கொண்டு கார் ஓட்டுவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆனால் நமது பெற்றோல் முழுவதும் வெளியிலிருந்து வரும் எண்ணெயை நம்பியது. 2023 ஜூலையில் கொழும்பும் டெல்லியும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பெற்றோலியக் குழாய் போடும் யோசனையும் இடம்பெற்றது. அங்கே ஓடுவது ஒரு நாள் இங்கேயும் ஓடலாம். அப்போது அரசு சொல்லும் சராசரிக் கணக்கும் பயனாளரின் அச்சமும் எந்த வாகனத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அதை அறிய, பெற்றோலோடு சேர்ந்து தாங்கியிலிருந்து கார்பரேற்றரின் ஜெட் வரைக்கும் போய்ப் பார்ப்பதுதான் வழி.

பெற்றோல் என்பது காபனும் ஐதரசனும் மட்டும் கொண்ட பல மூலக்கூறுகளின் கலவை. எதனோல் மூலக்கூறில் இவற்றோடு ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்திருக்கிறது. நாம் பார்க்கப்போகிற எல்லாத் தொல்லைக்கும், எல்லா நன்மைக்கும் அந்த ஓர் அணுவே வேர். ஒட்சிசனைக் கையோடு கொண்டுவருவதால் எதனோல் எரிவதற்குக் குறைந்த காற்றுப் போதும். ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எதனோலுக்கு 9 கிலோ. அதே காரணத்தால் அது தரும் வெப்பமும் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூல் சக்தி இருக்கிறது, எதனோலில் சுமார் 21 மட்டுமே. கணக்குப் போட்டால் ஒரு லீற்றர் ஈ20-இல் சக்தி ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் 11-க்குச் சற்று மேலே நிற்கும். இந்திய அரசின் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட வரைபடமும், எதனோல் இல்லாத பெற்றோலுக்கு வடிவமைத்து ஈ10-க்குச் சீர்செய்த கார்களில் 6 முதல் 7 சதவீத இழப்பை ஒப்புக்கொண்டிருந்தது. மைலேஜ் பற்றிய புகார் கற்பனை அல்ல, பௌதிகம்.

எதனோலின் பெரிய பலம் ஒக்டேன். அதன் ஒக்டேன் எண் ஏறத்தாழ 108. நமது செட்டில் கிடைப்பவை 92-உம் 95-உம். சிலிண்டருக்குள் கலவையை இறுக்கும்போது தானாகப் பற்றிக்கொண்டு 'நொக்' அடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனையே ஒக்டேன் எண் சொல்கிறது. கூடுதலாக இறுக்கக்கூடிய புதிய இயந்திரம், இந்தத் திறனைப் பயன்படுத்தி இழந்த மைலேஜில் ஒரு பங்கை மீட்டுக்கொள்ளும். மொரிஸ் மைனரின் அமுக்க விகிதம் எட்டை ஒட்டியது. 92 ஒக்டேனே அதற்குத் தாராளம், அதற்கு மேல் தருவதை வாங்கிக்கொள்ள அதனிடம் வழியில்லை. பழைய வாகனம் எதனோலின் விலையைக் கொடுக்கிறது, பலனைப் பெறுவதில்லை.

பழைய இயந்திரங்கள் எவ்வளவு சகிக்கும் என்பதை ஈழத் தமிழருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவது ஏறத்தாழ நின்றபோது, ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில சொட்டைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, அதற்காகத்தான் அந்தச் சொட்டுப் பெற்றோல். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண்ணும் மிகக் குறைவு. இறுக்கம் கூடிய இன்றைய இயந்திரமொன்றில் ஊற்றினால் நொக் அடித்தே பிஸ்டன் சிதையும். அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய பிரிட்டிஷ் இயந்திரங்கள் புகை கக்கினாலும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர ஒயிலை நீர்க்கச் செய்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தக் காலத்துக் கராஜ்காரர்களின் கைத்திறன் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதப்பட வேண்டும். அவர்களுடைய அனுபவம் நமக்கு ஒன்றைக் காட்டுகிறது: இரும்பாலான இயந்திரம் எரிபொருள் மாற்றத்துக்கு லேசில் அசைவதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

முதல் சிக்கல் கார்பரேற்றர். மைனரில் இருப்பது எஸ்யூ வகை. காரின் பொனற்றைத் திறந்து குனிந்து பார்த்தால், கார்பரேற்றரின் அடியில் ஓர் அறுகோண நட்டு தெரியும். அதைக் கீழ்நோக்கித் திருகினால் பித்தளை ஜெட் இறங்கும். கூம்பிப் போகிற ஊசிக்கும் ஜெட்டின் வாய்க்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி அகலும். பெற்றோல் கூடுதலாக ஏறும். மேலே திருகினால் குறையும். பழகிய கராஜ் பாஸ் ஒருவர் இதை அறுகோணத்தின் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று திருகி, கார்பரேற்றரின் பிஸ்டனை ஒரு நூல் உயர்த்தி, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே சீர்செய்வார். பெற்றோலின் கனவளவை மட்டும் அறிந்த கருவி இது. அதற்குள் ஒட்சிசன் சேர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. ஈ20 ஊற்றினால் தேவையான காற்று 14.7-இலிருந்து சுமார் 13.5 ஆகக் குறைந்துவிடும், ஜெட்டோ பழைய அளவிலேயே விடும். விளைவு, கலவை சுமார் 8 சதவீதம் 'லீன்' ஆகிறது, அதாவது பெற்றோலுக்குக் காற்று கூடிவிடுகிறது.

கலவை முன்பே சற்று 'ரிச்' ஆக இருந்தால் இது நன்மையாகவும் முடியும். காபன் மொனொக்சைட் குறைந்து புகைப் பரிசோதனையில் எண் நன்றாக வரும். சிக்கனத்துக்காக ஏற்கனவே இறுக்கிச் சீர்செய்த கார்பரேற்றரானால் மிதிக்கும்போது இயந்திரம் தடுமாறும், ஏற்றத்தில் இழுக்காது, சூடு கூடும். மருந்து எளிது: நட்டைக் கொஞ்சம் இறக்குவது, தேவைப்பட்டால் ஊசியை மாற்றுவது. ஆனால் தாங்கியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும். இந்த வாரம் ஒரு கலப்பு, அடுத்த வாரம் வேறொன்று என்றால் எந்தப் பாஸும் எதுவும் செய்ய முடியாது.

எரிபொருள் பீச்சும் இயந்திரங்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் கலவை லீன் ஆனதைக் கண்டுகொள்ளும், கணினி பீச்சும் நேரத்தை நீட்டும். 8 சதவீதத் திருத்தம் அதன் எல்லைக்குள் அடங்கியதுதான். ஆகவே 2005-ஆம் ஆண்டு டொயோட்டாவையும் 1965-ஆம் ஆண்டு மைனரையும் 'பழைய வாகனம்' என்று ஒரே கூடையில் போடுவது பிழை. இலங்கையில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கமும் உண்டு. நமது கார்களில் பெரும் பங்கு ஜப்பானில் ஓடி 'ரீகண்டிஷன்' ஆக வந்தவை. ஜப்பானியச் சட்டம் சாதாரண பெற்றோலில் 3 சதவீத எதனோலுக்கு மேல் அனுமதித்ததில்லை. 2012-இல்தான், அதற்கெனத் தகுதி பெற்ற வாகனங்களுக்கு மட்டும், 10 சதவீதம் வரை வழி திறந்தது. பல மாதிரிகளில் உலகச் சந்தைக்கான அதே பாகங்கள் இருக்கக்கூடும். ஆனாலும் நமது வீதியில் பளபளப்பாக ஓடும் பத்து வயதுக் காருக்கு ஈ20 பற்றிய உத்தரவாதம் எதையும் அதன் உற்பத்தியாளர் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து ஈ20-ஐத் தாங்கும் பாகங்களும், 2025 ஏப்ரலிலிருந்து ஈ20-க்கே சீர்செய்த இயந்திரங்களும் என்று கால அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணைக்கு வெளியே நிற்பவை நமது கார்கள்.

உண்மையான சேதம் நடப்பது மெத்தென்ற பொருள்களில். எதனோல் மூலக்கூறு சிறியது, ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், ஒட்சிசன் உள்ள முனை நீரோடு ஒட்டும். பழைய இறப்பருக்குள் அது நுழைந்தால் ஊறவைத்த கடலைபோல இறப்பர் உப்பி மென்மையாகிவிடும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். பிரிட்டன் போக்குவரத்து அமைச்சுக்காகப் பழைய வாகனப் பாகங்களைச் சோதித்தபோது தக்கை, அரக்குப் பூச்சு, சில வகை நைட்ரைல் இறப்பர், கண்ணாடியிழைத் தாங்கிகள் ஆகியவை ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தன. மைனர் காலத்து வாகனங்களில் தக்கை கஸ்கற்றும் அரக்குப் பூச்சும் சாதாரணம். நாகம், அலுமினியம் கலந்த கார்பரேற்றர் உடல்களும் தப்பாது. நீரோடு சேர்ந்த எதனோல் சிறிது மின்னைக் கடத்தும், வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடங்களில் அரிப்பைத் தூண்டும். கார்பரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றினால் வெண்மையான மாவு படிந்திருக்கும்.

எதனோல் நல்ல கரைப்பானும்கூட. முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தாங்கியின் சுவரில் படிந்த பிசினையும் துரு மண்ணையும் கிளப்பி பில்டருக்குக் கொண்டுவரும். முதல் சில தாங்கிகளுக்குப் பிறகு வண்டி மூச்சுத் திணறினால் பழி பெரும்பாலும் பில்டரில்தான். அதை மாற்றினாலே பாதிப் புகார் தீரும்.

அடுத்தது நீர். இதில் ஒரு தவறான நம்பிக்கையைச் சீராக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே வாரத்தில் பெற்றோல் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மூடியுள்ள தாங்கிக்குள் காற்றின் ஈரம் நுழைவது மிக மெதுவானது. மாதக்கணக்கில் அரைத் தாங்கியோடு நிற்கிற காருக்குத்தான் அது பிரச்சினை. பெரிய ஆபத்து நீராகவே உள்ளே வருவது. எதனோல் இல்லாத பெற்றோலில் நீர் தனியாகத் தாங்கியின் அடியில் கிடக்கும். ஈ10 பெற்றோல் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிலீற்றர் நீரை, ஒரு தேக்கரண்டி அளவை, கரைத்து வைத்திருக்கும். ஈ20 இன்னும் கூடுதலாக. அந்த எல்லை தாண்டியதும் எதனோல் பெற்றோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சுவது ஒக்டேன் விழுந்த பெற்றோல், கீழே இயந்திரத்தில் எரியாத நீர்க்கலவை. எரிபொருள் குழாய் தாங்கியின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது.

பருவமழையில் வெள்ளவத்தைக் கால்வாய் நிரம்பி தாழ்ந்த வீதிகள் மூழ்கும் நகரத்தில், செட்டின் நிலத்தடித் தாங்கிக்குள் நீர் கசியாமல் காப்பது இன்றே தலைவலி. எதனோல் வந்தால் அந்தக் கவனம் பல மடங்கு கூடவேண்டும், ஏனென்றால் அங்கே பிரியும் கலவை ஒரே நாளில் நூறு வாகனங்களுக்குள் போகும்.

பெற்றோலில் எதனோல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லிலீற்றர் பெற்றோலும் 10 மில்லிலீற்றர் நீரும் விட்டு, மூடிக் குலுக்கி, நிலைக்க விடுவது. எதனோல் இல்லையென்றால் அடியில் அதே 10 கோட்டில் நீர் நிற்கும். ஈ10 என்றால் எதனோல் நீரோடு இறங்கி, எல்லைக்கோடு 20-க்குக் கிட்டப் போகும். திறந்த வெளியில், நெருப்பும் சுவிட்சும் அருகில் இல்லாத இடத்தில் மட்டும் செய்யத்தக்க வேலை இது.

காலி வீதியில் பிற்பகல் இரண்டு மணி நெரிசலில் தெரியவரும் தொல்லை வேறு. சிறிதளவு எதனோல் சேர்ந்ததும் பெற்றோலின் ஆவியமுக்கம் ஏறுகிறது. 10 சதவீதக் கலப்பில் சுமார் 7 கிலோபஸ்கல். மைனரில் எஸ்யூ மின் பம்பு இயந்திர அறைக்குள், தடுப்புச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. பின்னால் உள்ள தாங்கியிலிருந்து அது உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அமுக்கம் குறைவு, சுற்றிலும் சூடு. பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழாகும், பம்பு ஆவியைக் குடித்தபடி டிக் டிக் என்று அடிக்கும், கார் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும். இதற்கு வழிகள் உண்டு: குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி வெப்பத் தடுப்பு சுற்றலாம், பம்பைப் பின்னால் தாங்கிக்கு அருகே கொண்டுபோய்த் தள்ளவிடலாம்.

எனக்கு மிகக் கவலை தருவது, மிஞ்சியிருக்கிற டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களும் ஸ்கூட்டர்களும். அவற்றில் இயந்திரத்துக்கு உராய்வு காக்கும் ஒயில் பெற்றோலோடு கலந்தே வருகிறது. நீர் சேர்ந்து கலவை பிரிந்தால் கீழே இறங்கும் எதனோல்-நீர் அடுக்கில் ஒயில் இருக்காது. அதை உறிஞ்சிய இயந்திரம் வறண்டு ஓடி, பிஸ்டன் இறுகிவிடும். கார் வைத்திருப்பவருக்கு ஹோஸ் மாற்றும் செலவு. ஓட்டோ ஓட்டுபவருக்கு அன்றாட உழைப்பே போகும். சராசரிக் கணக்குகளில் இந்த மனிதர் தெரிவதில்லை.

இலங்கை இதுபோன்ற மாற்றத்தை ஒருமுறை கடந்திருக்கிறது. 2002 ஜூனில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது பழைய கார்க்காரர்கள் வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும் என்று அஞ்சினார்கள். ஈயப் படிவு அந்த இருக்கைகளைக் காத்துவந்தது உண்மைதான். நகர ஓட்டத்தில் தேய்வு மெதுவாகவே வந்தது, பலர் சிலிண்டர் தலையைக் கழற்றும்போது கடினமான இருக்கை போட்டுக்கொண்டார்கள், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்தது. அந்த மாற்றம் நூறு மடங்கு நியாயமானது. நொக்கைத் தடுக்க எதனோல் உதவும் என்று 1920-களிலேயே அறிந்திருந்தும், நொக்கைத் தடுக்கும் என்று தோமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டறிந்த ஈயச் சேர்மத்தை உலகம் தேர்ந்தெடுத்தது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்தான் அதைக் கைவிட்டது. எதனோலை எதிரியாகப் பார்க்க எனக்கு மனம் வராததற்கு இந்த வரலாறும் காரணம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் இந்தியாவில் எது விடுபட்டது என்பது விளங்கும். பிரிட்டன் 2021 செப்டெம்பரில் 95 ஒக்டேனை ஈ10 ஆக்கியபோது, உயர் ஒக்டேன் பெற்றோலை 5 சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தது. பம்பிலும் வாகன மூடியிலும் ஈ5, ஈ10 என்று வட்டக் குறியிட்டது. வாகனத்தின் பெயரைக் கொடுத்தால் ஈ10 ஆகுமா என்று சொல்லும் அரசுச் சேவையும் வந்தது. அமெரிக்கா ஈ15-ஐ 2001-ஆம் ஆண்டு மாதிரி முதலான கார்களுக்கு மட்டும் அனுமதித்தது, மற்ற வாகனங்களுக்குக் கூடாது என்று பம்பிலேயே செம்மஞ்சள் அட்டை ஒட்டியது. பிரேசில் 1975-இலிருந்து இந்த வழியில் நடந்து, எந்தக் கலப்பையும் தாங்கும் கார்களை 2003 முதல் விற்று, 2025 ஓகஸ்டில்தான் 30 சதவீதத்துக்குப் போனது. கலப்பு உயர்வதற்கு முன் வாகனங்கள் மாறின. இந்தியாவில் கலப்பு முந்திக்கொண்டது, தெரிவு பறிபோனது.

இலங்கையில் எதனோல் பெற்றோல் பற்றி யார் எப்போது முடிவெடுத்தாலும், இரண்டு ஒக்டேன் தரங்களில் ஒன்றை 5 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதும், ஒவ்வொரு பம்பிலும் கலப்பு அளவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவதும் முதல் நாளிலேயே சட்டமாக வேண்டும். அதுவரை கராஜில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எரிபொருள் ஹோஸ் மாற்றும்போது சாதாரண கறுப்பு இறப்பரை வாங்காமல், உட்புறம் புளோரோ இறப்பர் பூசிய எஸ்ஏஈ ஜே30 ஆர்9 தர ஹோஸைக் கேட்டு வாங்கலாம். விலை கூட, ஆனால் எதனோல் கலப்பைத் தாங்கும். ஹோஸின் மேற்பக்கத்தில் ஆர்9 என்ற குறி அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.